மூன்று அலாரம், ஒரு கேஜ்

சென்ற எபிசோடில் மொனிட்டரிங் பற்றிக் கதைக்கும்போது "பிறகு பன்ஸ்ஃபீல்ட் மாதிரி ஆகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்கு ஓடிவிட்டேன். அது என்ன என்று கேட்டு சிலர் எழுதியிருந்தீர்கள். மைக் முன்னால் சொல்ல நேரம் காணாது. அதனால் இந்தக் கிழமை நியூஸ்லெட்டர் முழுக்க அதுதான்: பெற்றோல் தாங்கிகள். ஓம், ரோட்டோரம் வெள்ளையாக, உருண்டையாக நிற்கிற அதே தாங்கிகள். இது சொஃப்ட்வெயார் கதையும்தான். பரமட்டா பக்கம் அபார்ட்மென்ட் பார்க்கிறவர்களுக்கு வீட்டுக் கதையும்தான்.

எங்கட அப்பா அம்மாவிடம் "எண்ணெய்க் குதம்" என்று சொன்னால் அவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். 1995 ஒக்டோபரில் எரிந்த கொலன்னாவ, அல்லது திருகோணமலை சீனன்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டிவிட்டுப் போன பெரிய பெரிய தாங்கிகள். அவர்களைப் பொறுத்தவரை குதம் எரிந்தால் யாரோ எரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் சொல்லப்போகும் கதையில் ஒருவரும் எரிக்கவில்லை.

2005 டிசம்பர் 10, சனிக்கிழமை இரவு. லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் குதம். 912 ஆம் இலக்கத் தாங்கிக்குக் குழாய் வழியாகப் பெற்றோல் ஏறிக்கொண்டிருக்கு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் மட்டத்தைத் திரையில் பார்க்கிறார். தாங்கிக்குள் மட்டத்தை அளக்கும் கருவிக்கு கேஜ் என்று பெயர், அதிலிருந்துதான் திரைக்கு எண் வருது. ஞாயிறு அதிகாலை மூன்று மணியளவில் அந்த கேஜ் சிக்கிக்கொண்டது. தாங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருக்கிறது என்று காட்டியபடி அப்படியே நின்றுவிட்டது. பெற்றோல் மட்டும் நிற்காமல் ஏறியது.

அலாரம் இல்லையா? இருந்தது, மூன்று இருந்தது. மட்டம் கூடக் கூட ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க வேண்டிய மூன்று அலாரங்கள். ஆனால் மூன்றும் தகவலை எடுத்தது அதே கேஜிலிருந்து. கேஜ் நின்றதும் மூன்றும் சேர்ந்து ஊமையாகின. திரையில் சிவப்பு எதுவும் இல்லை, எல்லாம் வடிவாகத்தான் தெரிந்தது.

இதற்கு மேலே கடைசிப் பாதுகாப்பாக இன்னொன்று இருந்தது. கேஜோடு சம்பந்தமில்லாத, தனியான ஒரு சுவிட்ச். தாங்கி வாய் வரை வந்தால் அது தானாகவே வரத்தை நிறுத்த வேண்டும். அந்த சுவிட்சில் டெஸ்ட் செய்வதற்கென்று ஒரு நெம்புகோல். டெஸ்ட் முடிந்ததும் அதைச் சரியான இடத்தில் வைத்து ஒரு ஆமைப்பூட்டு போட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் சுவிட்ச் வேலை செய்யாது. அது திருட்டுக்கு எதிரான பூட்டு என்று நினைத்தார்களோ என்னவோ, அது இல்லாவிட்டால் சுவிட்ச் செத்தது என்பது தாங்கியை நடத்தியவர்களுக்கு விளங்கியிருக்கவில்லை. பூட்டு போடப்படவும் இல்லை.

அதிகாலை ஐந்து மணிக்குப் பிறகு 912 வழியத் தொடங்கியது. கூரையிலிருந்து அருவி மாதிரி விழுந்த பெற்றோல் துளித்துளியாகச் சிதறி ஆவியாகி, மூடுபனி போல நிலத்தோடு பரவியது. இரண்டரை லட்சம் லீற்றருக்கு மேல் கொட்டியது. காலை 6:01 க்கு வெடித்தது. நிலநடுக்கமானிகளில் 2.4 என்று பதிவாகும் அளவுக்கு வெடிப்பு. இருபதுக்கும் அதிகமான தாங்கிகள் பற்றி, நாட்கணக்காக எரிந்தன. 43 பேருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை. பக்கத்தில் இருந்தது அலுவலகங்கள் நிறைந்த பிஸ்னஸ் பார்க். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கே ஆள் இல்லை. செவ்வாய் காலை ஒன்பது மணியாக இருந்திருந்தால் என்ற கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ.

பிறகு வந்த விசாரணை அறிக்கையில் எனக்கு அதிகம் உறைத்தது ஒரு எண். அந்த கேஜ் 2005 ஓகஸ்ட் கடைசிக்கும் டிசம்பர் 11 க்கும் இடையில் 14 தடவை சிக்கியிருக்கிறது. பதினான்கு! சில தடவை வேலை செய்தவர்களே கேஜை மேலே இழுத்துவிட்டு சரிசெய்திருக்கிறார்கள். சில தடவை யாரோ வந்து பார்த்திருக்கிறார். சில தடவை அது ஒரு பழுது என்றே எழுதப்படவில்லை. நான் கொன்றாக்ட் வேலைக்குப் போகிற இடங்களில் இதை "ஓஃப் பண்ணி ஓன் பண்ணு" கலாசாரம் என்று சொல்வோம். ஒரு இடத்தில் சேர்வர் ஒன்றின் சிபியூ ஒன்பது நாளாக 41 சதவீதம் என்று அசையாமல் காட்டியது. எவ்வளவு நிதானமான சேர்வர் என்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எண்ணை அனுப்புகிற புரோகிராம் நின்று ஒன்பது நாள். அங்கே நட்டம் கொஞ்சம் காசுதான்.

நேர்க்கோடு பிழை என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. எல்லைக்குள் இருக்கிற எண் நல்ல எண், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பம்ப் ஓடுது, மட்டம் அசையவில்லை, அப்படியென்றால் ஏதோ பிழை என்று சொல்ல இரண்டு வரி கோட் காணும். அந்த இரண்டு வரியை யார் எழுத வைப்பது, எழுதியது வேலை செய்யுதா என்று யார் பார்ப்பது என்பதுதான் அரசாங்கத்தின் பகுதி.

பன்ஸ்ஃபீல்ட் நடந்து நான்கு வருடம் கழித்து, 2009 ஒக்டோபர் 23 அன்று, புவேர்ட்டோ ரிக்கோவின் பயமோனில் கப்பலிலிருந்து பெற்றோல் இறக்கும்போது தாங்கி வழிந்து வெடித்தது. அங்கே கேஜிலிருந்து கணினிக்குத் தகவல் போகவேயில்லை. ஆட்கள் தாங்கியின் பக்கத்தில் இருந்த அளவைப் பார்த்து, எப்போது நிரம்பும் என்று கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறே நாளில், ஒக்டோபர் 29 அன்று, ஜெய்ப்பூரின் சீதாபுராவில் இந்தியன் ஒயில் குதம். இங்கே வழியவில்லை. பெற்றோலைப் பக்கத்து நிறுவனத்துக்கு அனுப்பத் தயார்செய்யும்போது ஒரு வால்வு வழியாகப் பீறிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொட்டியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடியே வால்வை மூடும் வசதி இருந்திருக்க வேண்டும், ஆனால் அது வேலை செய்யாமல் கிடந்தது. பெற்றோல் ஆவிக்குள் நடந்துபோய் மூட யாராலும் முடியவில்லை. 11 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க வழியில்லாமல், எரிந்து முடியட்டும் என்று விட்டார்கள்.

மூன்று நாடு, மூன்று சம்பவம். மூன்றிலும் கருவி இருந்தது, ஆனால் அது வேலை செய்யவில்லை என்பது வெளியில் இருந்த ஒருவருக்கும் தெரியாது. சட்டம் அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு ஓட்டை.

அமெரிக்காவில் 1992 இல் கொண்டுவந்த தொழிற்சாலைப் பாதுகாப்பு விதியிலேயே, சாதாரண அழுத்தத்தில் வைக்கப்படும் எரிதிரவத் தாங்கிகளுக்கு விதிவிலக்கு. அதாவது நாங்கள் கதைக்கிற இதே தாங்கிகளுக்கு. பயமோனுக்குப் பிறகு கெமிக்கல் சேஃப்டி போர்ட் இதைச் சுட்டிக்காட்டியது. 2019 இல் ரெக்சாஸின் டியர் பார்க்கில் தாங்கிகள் நாட்கணக்காக எரிந்த பிறகு திரும்பவும் சுட்டிக்காட்டியது. இந்தியாவில் எண்ணெய் நிறுவனங்களைப் பாதுகாப்புக்காகத் தணிக்கை செய்யும் ஓஐஎஸ்டி என்ற அமைப்பு, அந்த நிறுவனங்களுக்குச் சொந்தக்காரரான அதே பெற்றோலிய அமைச்சின் கீழ்தான் இருக்கு. உங்கள் கோடை நீங்களே ரிவியூ பண்ணி நீங்களே அப்ரூவ் பண்ணுவது மாதிரி.

சரி, அவுஸ்திரேலியா.

எங்களுக்கும் ஒரு பெரிய நெருப்பு இருந்தது. 1991 ஓகஸ்ட் 21, மெல்பேர்ண், கூட் ஐலண்ட். நகரத்துக்கு மேற்கே, யாரா ஆற்றங்கரையில், இரசாயனத் தாங்கிகள் வெடித்துக் கரும்புகை ஊர் மேல் போனது. அந்தத் தாங்கிகளைத் தூரத்துக்கு மாற்றுவோம் என்று வருடக்கணக்கில் பேச்சு நடந்தது, மாற்றவில்லை. இரசாயனம் வைப்பது இன்றைக்கும் அங்கேதான். பிறகு 1998 செப்ரெம்பர் 25 இல் லோங்ஃபோர்ட் எரிவாயு ஆலை வெடிப்பு. இரண்டு பேர் இறந்தார்கள், விக்ரோறியாவில் இரண்டு கிழமை அளவுக்கு அடுப்புக்கும் சுடுதண்ணிக்கும் கேஸ் இல்லை. உங்கள் அக்கா அண்ணாமாரைக் கேட்டால் பச்சைத்தண்ணியில் குளித்த கதை சொல்வார்கள். வேலை செய்தவர் மேல் பழியைப் போட நிறுவனம் பார்த்தது, அரச ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகுதான், 2000 இல், விக்ரோறியாவுக்கு "மேஜர் ஹஸார்ட் ஃபஸிலிட்டி" விதிகள் வந்தன. இப்போது நியூ சவுத் வேல்ஸிலும் கிட்டத்தட்ட அதே முறை.

இந்த முறையை நான் நல்ல முறை என்றே சொல்வேன். அரசாங்கம் "இத்தனை மில்லிமீற்றர் இரும்பு போடு, இத்தனை அலாரம் வை" என்று பட்டியல் கொடுப்பதில்லை. தாங்கிக்குச் சொந்தக்காரர் சேஃப்டி கேஸ் என்ற ஒரு பெரிய ஆவணம் எழுத வேண்டும்: என்னென்ன பிழைக்கலாம், அதைத் தடுக்க என்ன வைத்திருக்கிறோம், அது வேலை செய்யும் என்று எப்படித் தெரியும். சிட்னியில் சேஃப்வேர்க், மெல்பேர்ணில் வேர்க்சேஃப் அதை வாசித்துக் கேள்வி கேட்டுத்தான் லைசன்ஸ் கொடுக்கும். லைசன்ஸ் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. பட்டியல் முறையில் பன்ஸ்ஃபீல்ட் தப்பியிருக்கும். அலாரம் இருக்கா, இருக்கு. சுவிட்ச் இருக்கா, இருக்கு. டிக், டிக். சேஃப்டி கேஸில் "மூன்று அலாரமும் ஒரே கேஜில் தொங்குதே?" என்று கேட்க ஒரு இடம் இருக்கு.

எனக்கு இரண்டு விஷயத்தில்தான் சண்டை.

முதலாவது, யாருக்கு இந்த விதி பொருந்தும் என்ற அளவு. பெற்றோல் வகைத் திரவங்களுக்கு இங்கே எல்லை 50,000 தொன். அதற்கு மேல் வைத்திருந்தால் நீங்கள் மேஜர் ஹஸார்ட். நியூ சவுத் வேல்ஸில் அதில் பத்து சதவீதத்தை, அதாவது 5,000 தொன்னைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும், சேஃப்வேர்க் விரும்பினால் உள்ளே இழுக்கலாம். பிரித்தானியாவில் பெற்றோலியப் பொருட்களுக்கு முதல் படி 2,500 தொன்னிலேயே தொடங்குது, கடுமையான படி 25,000 இல். அங்கே பெரிய ஆபத்து என்று சட்டம் சொல்லும் ஒரு குதம், இங்கே அறிவிக்கக்கூடத் தேவையில்லாத குதமாக இருக்கலாம். நேர்மையாகச் சொன்னால் சின்னக் குதங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றில்லை. ஆபத்தான இரசாயனங்களுக்கான பொது விதிகள் இருக்கு, சுற்றிவர தடுப்புச் சுவர் இருக்கு, பலகை வைக்க வேண்டும், பட்டியல் வைத்திருக்க வேண்டும். ஆனால் சேஃப்டி கேஸ் இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. பன்ஸ்ஃபீல்டில் ஒரு தாங்கியிலிருந்து கொட்டிய இரண்டரை லட்சம் லீற்றர் நிறையில் இருநூறு தொன்கூட வராது. 50,000 என்ற எண்ணின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கோ.

சின்னக் குதங்கள் பெரும்பாலும் அவுஸ்திரேலிய நியமம் 1940 என்ற ஆவணத்தின்படி கட்டப்படும். அதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்ரர்நெட்டை நடத்தும் ஆர்எஃப்சி அத்தனையையும் சும்மா இறக்கி வைத்திருக்கலாம், பக்கத்துத் தெருவில் இருக்கிற பெற்றோல் தாங்கியின் விதியைச் சொந்தமாக வைத்திருக்கக் கடன் அட்டை தேவை. இது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இரண்டாவது சண்டைதான் பெரியது. அந்த சேஃப்டி கேஸை நீங்களும் நானும் பார்க்க முடியாது. சட்டப்படி பக்கத்தில் வசிப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு சுருக்கம்: இடத்தின் பெயர், என்ன பொருள், என்ன ஆபத்து, சைரன் அடித்தால் என்ன செய்வது. அநேகமாக லெட்டர்பொக்ஸில் விழும் ஒரு துண்டுப்பிரசுரம், பீட்சா விளம்பரத்தோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

இதில் எங்கட ஆட்களுக்கு என்ன? சிட்னி மேற்கில் வென்ட்வேர்த்வில், வெஸ்ட்மீட், பென்டில் ஹில், ஹோம்புஷ் என்று எங்கட குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி போடுங்கோ. அதன் நடுவில், டக் ஆறு பரமட்டா ஆற்றோடு சேரும் இடத்தில், ரோஸ்ஹில்லில் கிளைட் டேர்மினல். முன்பு ஷெல்லின் சுத்திகரிப்பு ஆலை, 2012 இல் சுத்திகரிப்பு நின்று, இப்போது விவா எனேர்ஜியின் எரிபொருள் குதம். துறைமுகத்தில் கோர் பேயில் கப்பல் இறக்கும் எரிபொருள் நிலத்தடிக் குழாயில் இங்கே வருது. கார்லிங்ஃபோர்ட் லைட் ரெயிலில் கமீலியாவைத் தாண்டிப் போயிருந்தால் நீங்கள் இந்தப் பகுதியைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். அந்தக் குதத்தில் ஏதும் பிழை இருக்கென்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. எல்லையைத் தாண்டிய பெரிய இடம், அதனால் முழு விதியும் அதற்கு உண்டு. ஆனால் 2022 இல் மாநில அரசு வெளியிட்ட கமீலியா-ரோஸ்ஹில் திட்டத்தில் பத்தாயிரம் அளவில் வீடுகள் வருவதாக இருக்கு. மாநிலத்தின் திட்டமிடல் வழிகாட்டியில், புது வீடுகள் இருக்கும் இடத்தில் இப்படியான ஆலையால் ஒருவர் இறக்கும் ஆபத்து வருடத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று இருக்கு. நல்ல எண். அந்த எண்ணைக் கணக்குப் போடும்போது "சுவிட்ச் இத்தனை தடவையில் ஒரு தடவைதான் தவறும்" என்று ஒரு இடத்தில் எடுத்துக்கொள்வார்கள். பன்ஸ்ஃபீல்டின் சுவிட்சுக்கும் யாராவது அப்படி ஒரு எண் எழுதியிருந்தால், பூட்டு போடாத சுவிட்சுக்கு அந்த எண்ணில் ஒரு அர்த்தமும் இல்லை.

மெல்பேர்ணில் பொயின்ட் குக், ரார்நீட் பக்கம் இருப்பவர்கள் வெஸ்ட் கேற் பாலத்தில் ஏறும்போது கீழே பார்த்தால் காணும்.

தாங்கிகள் குறையப்போவதும் இல்லை. 2023 ஜூலை 1 முதல், இறக்குமதி செய்பவர்களும் சுத்திகரிப்பவர்களும் குறைந்தபட்சக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது கன்பராவின் சட்டம். அது தேவையான சட்டம்தான், கப்பல் வராவிட்டால் இந்த நாடு கெதியாக நின்றுவிடும். ஆனால் கையிருப்பு என்றால் அது எங்கேயோ ஒரு தாங்கிக்குள் இருக்க வேண்டும், அந்தத் தாங்கி துறைமுக நகரத்தில்தான் இருக்கும். கூட வைக்கச் சொல்வது மத்திய அரசு, பாதுகாப்பைப் பார்ப்பது மாநிலம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முழு ஆவணம் வேண்டாம், வால்வு எங்கே இருக்கு என்ற வரைபடம் வேண்டாம். ஒவ்வொரு குதத்துக்கும் ஒரு ஸ்டேட்டஸ் பேஜ். கடைசியாக அரச பரிசோதகர் உள்ளே போன திகதி. நிரம்பி வழிவதைத் தடுக்கும் சுவிட்சைக் கடைசியாக டெஸ்ட் செய்த திகதி, பாஸா ஃபெயிலா. இந்த வருடம் மட்ட அலாரம் எத்தனை தடவை அடித்தது. கேஜ் எத்தனை தடவை பழுதானது. அந்தக் கடைசி எண் 14 என்று இருந்திருந்தால், பன்ஸ்ஃபீல்டின் பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்த ஏதோ ஒரு ஐடி ஆளாவது "என்ன இது?" என்று ஒரு மின்னஞ்சல் போட்டிருப்பார். இதில் பாதி ஐரோப்பாவில் ஏற்கனவே நடக்குது. அங்கே செவேசோ சட்டப்படி, இப்படியான இடங்களுக்கு அதிகாரிகள் கடைசியாகப் போன திகதியைப் பொதுமக்கள் இணையத்தில் பார்க்க வழி இருக்க வேண்டும்.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும்: பாதுகாப்பு, பயங்கரவாதம், இதையெல்லாம் வெளியில் போடலாமா? எந்தச் சுவரில் எந்தக் கமரா என்று போடுவது ஆபத்துதான். ஆனால் "சுவிட்சை மார்ச் மாதம் டெஸ்ட் பண்ணினோம், பாஸ்" என்பதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று நம்புபவர்களுக்கு 2015 ஜனவரியில் ரெப்பிட்7 நிறுவனம் வெளியிட்டதை ஞாபகப்படுத்துகிறேன். பெற்றோல் ஸ்டேஷன்களின் தாங்கி கேஜ்கள் சுமார் 5,800, பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன, பெரும்பாலும் அமெரிக்காவில். போர்ட் 10001 க்குப் போய்த் தட்டினால் மட்டத்தைச் சொல்லும். அலாரத்தின் எல்லையைக்கூட மாற்றலாம். தாக்க வருபவனுக்கு ஒரு ஸ்கேன் காணும். பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது.

இன்னொரு பதிலும் வரும், கம்பனிக்காரர் சொல்வது: ஏற்கனவே பேப்பர் வேலை காணாதா? இதில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஓடிட்டுக்காக எழுதி ஒருவரும் வாசிக்காத ஆவணங்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த எண்கள் புதிதாக எழுத வேண்டியவை இல்லை. ஒழுங்காக நடக்கிற குதம் என்றால் டெஸ்ட் திகதி ஏற்கனவே ஒரு சிஸ்டத்தில் இருக்கும். அங்கிருந்து ஒரு வெப்பேஜுக்கு எடுப்பது எங்களில் ஒருவருக்கு ஒரு பின்னேர வேலை. அந்த எண்ணை எடுக்கவே முடியாத குதம் என்றால், அது வேறு கதை, அதையும் தெரிந்துகொள்வது நல்லது.

கமீலியா பக்கம் வீடு பார்க்கிறவர்கள், ஏஜென்ட் பெல்கனியின் வியூவைக் காட்டும்போது, அந்தக் கட்டடத்துக்கு ஆபத்து ஆய்வு செய்தார்களா, அது டிஏ ஆவணங்களில் இருக்கா என்று ஒருக்காக் கேளுங்கோ. அவருக்குத் தெரியாது. கவுன்சிலின் டிஏ ட்ராக்கரில் நீங்களே தேடலாம், பெரிய திட்டம் என்றால் மாநிலத் திட்டமிடல் போர்ட்டலில் இருக்கும். குதத்தின் பாதுகாப்புச் சுருக்கத்தைக் கேட்டு நான் ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன், மெல்பேர்ணில் இருக்கும் எங்கட எடிட்டர் நியூபோர்ட் பக்கத்துக்கு ஒன்று போட்டிருக்கிறார். யாருக்கு முதலில் பதில் வருகிறதோ, அவர் அடுத்த எபிசோடில் அதை வாசிப்பார்.